அறுபத்தைந்து வாட்

பாதிப் பணம் எல்தோவுடையது, பாதி என்னுடையது.
ஆகவே சண்டையும் பாதிப் பாதி.

அவனுக்கு இரவில் சுட வேண்டும்.
கதவிடுக்கில் எதிராளி தலை நீட்டும் அந்த நொடியில்
திரை விக்கவே கூடாது.
"ஆறு கோர் போதும் சேச்சி, கேஷ்தான் பெருசா வேணும்."

எனக்குப் பகலெல்லாம் கல்யாணம்.
உத்தமபாளையத்தில் நிக்காஹ், அணக்கரைப் பள்ளியில் கெட்டு,
மூன்று கேமரா, ஒரு ட்ரோன்,
மாப்பிள்ளையின் மாமா அழுததை மட்டும் வெட்டிவிடச் சொல்லி
வாட்ஸாப்பில் ஒரு குரல்.
எனக்குக் கோர்கள் வேண்டும், பந்திக்கு ஆட்கள் போல.
ஒருத்தன் எவ்வளவு வேகமாய் ஓடினாலும்
முந்நூறு இலைக்கு ஒருத்தன் போதாது.

தேனிக் கடைக்காரர் கண்ணாடிமேல் இரண்டு பெட்டி வைத்தார்.
நீலப் பெட்டியில் வீடியோவின் முடிச்சை அவிழ்க்கவென்றே
தனியாக ஒரு மூலை உண்டாம்.
ஆனால் சூடு. தண்ணீர்க் குழாய் போட்டுக் குளிர்விக்க வேண்டும்.
சிவப்பு கொஞ்சம் நிதானம். கரண்டையும் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.
நாளைக்கு இதே போர்டில் பெரியதை மாட்டிக்கொள்ளலாம்.
"நாளைக்கு" என்றபோது மட்டும்
அவர் கை கால்குலேட்டரைத் தொடவில்லை.

என் அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ்.
சித்திரை மதியம் இரண்டு மணிக்கு
பழைய மிஷின் தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொடும்,
பிறகு தானாகவே நடையைத் தளர்த்திக்கொள்ளும்.
இரைச்சல் மட்டும் குறையாது.

மலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போமே என்றது எல்தோதான்.
போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
குமுளி பஸ்ஸில் ஏறினேன்.
லோயர் கேம்ப் தாண்டியதும் காற்று மாறிவிட்டது.
பக்கத்து சீட்டுக்காரர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார்,
நான் போர்வையை அவிழ்த்தேன்.

அதே கல்யாணம். அதே வெட்டு. அதே மாமா.
கம்பத்தில் ஐம்பத்தெட்டு நிமிடம்.
குமுளியில், அவன் கட்டிலுக்கடியில், நாற்பத்தொன்று.
பதினேழு நிமிடத்தை மலை சும்மா கொடுத்தது,
பஸ் சார்ஜ் தவிர.

"அப்போ மிஷின் இவிடெ இரிக்கட்டே,"
கப்பையைப் பிட்டபடி மிக இயல்பாகச் சொன்னான்.
"சேச்சி கேட்ட நீலத்தையே வாங்கலாம். எனக்கு எதுன்னாலும் சம்மதம்."
ஒரு மாதமாக எதற்கும் சம்மதிக்காதவன்.
அப்போதுதான் எனக்கு ஓடியது:
ராத்திரி முழுக்க அவனுக்கு,
கல்யாணத்துக்கு ஒரு மலை எனக்கு.

இறங்கும்போது பறவைக் காய்ச்சல் சோதனை.
மடியிலிருந்த போர்வையைத் தட்டி,
"உள்ளே கோழியா?" என்றார் ஒருவர்.
"முட்டை போடாது சார்" என்றேன்.
சிரிக்காமல் பிரித்துப் பார்த்தார்.

சிவப்பையே வாங்கினோம். எட்டு கோர். அறுபத்தைந்து வாட்.
அவன் கேட்ட கேஷ் அதில் இல்லை,
நான் ஆசைப்பட்ட மூலையும் இல்லை.
கம்பத்து வெயிலைத் தாங்கும், அது போதும்.
ரசீதின் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்:
இரவு பதினொன்றிலிருந்து நான்கு வரை எல்தோ.
ரெண்டர் முடியாவிட்டால் ரெண்டரே.
கரண்ட் போனால் யாரும் யாரையும் திட்டக் கூடாது.

பசை பட்டாணி அளவு என்றது காகிதம்.
அவன் ஏலக்காய் என்றான், நான் உளுந்து என்றேன்.
மூலையிலிருந்த சின்ன முக்கோணத்தைப் பார்த்து உட்கார வைத்து
கொக்கியை அழுத்தியபோது ஒரு முனகல் கேட்டது.
இத்தனை ஆயிரம் போட்டு வாங்கியது
இப்படி முனகினால் யாருக்கும் மூச்சு நின்றுபோகும்.

ஸ்விட்ச். விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.
கறுப்பாகவே.

"மலையில இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தான்.
ரேமைக் கழற்றி, ஊதி,
கட்டைவிரல் வலிக்க இன்னொரு தடவை அழுத்தினேன்.